மறக்க விடாத மடி

நம்மில் பலர் இப்போது காலையில் சைக்கிள் மணி கேட்டால் பாத்திரத்தை நீட்டிப் பால் வாங்குகிறவர்களாகிவிட்டோம். குளத்தூர்ப் பக்கத்துப் பொட்டல் ஊர்களிலிருந்து படித்து வெளியேறி ஆளுக்கொரு ஊரில் வாடகை அறையில் இருக்கிறோம். வாங்கிய பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்ப்போம். அதைக் கொடுத்த மாடு கடைசியாக எப்போது ஓய்ந்து நின்றது என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, போன மாதம் வரைக்கும்.

கால்நடை உதவியாளர் பயிற்சிக்கு நான் வந்திருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். போன மாதம் ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டார்கள். சினை மாட்டை ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் பால் உவர்க்கும், அடுத்த ஈற்றின் சீம்பால் நீர்த்துப்போகும். மற்றவர்கள் எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்கள். எனக்கு மட்டும் வாயில் உப்பு கரித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால், அந்த இரண்டு வரியும் அன்றைக்கு எங்கள் வீட்டாருக்குத் தெரியாமல் போயிற்றே என்று நான் வருந்துவதாக நினைத்துவிடாதீர்கள். அது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. ஒரு மனிதர் சைக்கிளில் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இரண்டாம் வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கண்மாயில் நடுப்பள்ளத்தில் மட்டும் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்.

சின்னம்மா வாழ வந்தபோது கூடவே சீராகச் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசுவும் வந்தது. நிறைசினையாக வந்தது. கல்யாணத்துக்குக் கூடிய சனத்துக்குப் பால் வேண்டும் என்பதால், ஓட்டிவிட்ட அன்று காலை வரைக்கும் அதைக் கறந்திருக்கிறார்கள். எங்கள் தொழுவத்துக்கு வந்த எட்டாம் நாள் ஈன்றது. சீம்பால் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளாக, கையில் ஒட்டும், அடுப்பில் வைத்தால் கட்டிகட்டியாகத் திரளும். மயிலை கொடுத்தது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கன்று மூன்று நாள் கழிந்து, நாலாம் நாள் கால்களை நீட்டிவிட்டது. கண்ணூறு என்றார்கள். புதுப்பெண் வந்த கால் அப்படி என்றும் இரண்டொருவர் சொன்னார்கள். சின்னம்மாவின் காதிலும் அது விழுந்தது.

கன்று இல்லாமல் நாட்டு மாடு சுலபத்தில் பால் விடாது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவது வழக்கம். சின்னம்மா அதற்கு ஒப்பவில்லை. பெத்தவளிடம் பிள்ளையின் தோலைக் காட்டியா கறப்பது என்று கேட்டார். தினமும் ஒரே அரக்குக் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் மாட்டின் பக்கத்தில் குந்துவார். மாடு அவர் தோளை மோந்து பார்க்கும், நக்கும். கையை மடியில் வைத்தபடி ஏதேதோ பேசிக்கொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தக் கைக்குப் பால் இறங்கியது. வேறு யார் கை பட்டாலும் மயிலை பாலை அடக்கிக்கொள்ளும். கறக்கும்போது கயிற்றைப் பிடித்து நிற்பது என் வேலை. அதனால் அது என்னைப் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மயிலை மறுபடி நாலு மாதச் சினையாக இருந்தபோது சின்னம்மா ஒரு பெண்பிள்ளையைப் பெற்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்.

பிள்ளைக்குப் பால் வேண்டும். பிள்ளை பெற்றுச் செத்தவள் வீட்டுக்குப் பால் கொடுத்தால் கொடுத்த வீட்டு மாட்டின் மடி வற்றிப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. இல்லை என்று யாரும் முகத்தில் அடித்துச் சொல்லவில்லை. இப்போதுதான் உறை ஊற்றினேன் என்றார்கள், கன்றுக்கு விட்டுவிட்டேன் என்றார்கள். எங்கள் தொழுவத்திலோ மயிலை மடி பெருத்து, காம்புகள் விறைத்து, வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அப்பா கறக்கப் போய் முழங்காலில் உதை வாங்கினார்.

செத்தவர் துணியெல்லாம் வண்ணார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கண்டாங்கி மட்டும் தொழுவத்துக் கொடியில் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அம்மா அதை ஒரு குச்சியால் எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

“இதைச் சுத்திக்கிட்டு நீ போயி ஒக்காரு. நான் கட்டுனா அவ எம்மேல ஏறிக்குவா. நீ பொடியன், ஒங்கிட்ட வந்து அவளுக்கு என்ன ஆகப்போகுது?”

சுற்றிக்கொண்டேன். மஞ்சளும் வேர்வையும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தின் காரமும், மாட்டு மூச்சும் கலந்த வாசனை. மயிலை திரும்பி என் தோளை மோந்தது. நெடுநேரம் மோந்தது. அப்புறம் சொரசொரத்த நாக்கால் கழுத்து வரைக்கும் நக்கிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டது. என் விரல்களுக்கிடையில் பால் இறங்கியது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. அந்தச் சேலையைத் துவைக்கக் கூடாது. வாசனை போனால் பால் போகும்.

காலையிலும் சாயந்தரமும் கறப்பதோடு, வெயிலில் பால் நிற்காது என்று உச்சிப் பொழுதிலும் ஒரு செம்பு பிள்ளைக்காகக் கறக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடிவருவேன். உச்சி வெயிலில் எங்கள் ஊர் எப்படிக் கிடக்கும் என்று நீங்கள் அறிவீர்கள். நாய்கூடக் குரைக்காது. நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் செத்தவள் சேலையோடு தொழுவத்தில் குந்தியிருக்கும் உருவத்தைப் படல் சந்து வழியாக யாரோ பார்த்துவிட்டார்கள். விறகுக்குப் போன ஒரு கிழவி சுமையைப் போட்டுவிட்டு ஓடினாள். அது தன் மகன்தான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியும், சொன்னது பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மீதிப் பேர் உச்சியில் எங்கள் படல் வழி நடப்பதை விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை விடவில்லை. சின்னம்மா, புள்ளை அழுவுது, வீட்டுக்குப் போகலையா என்று கேட்பார்கள். ஒருவன் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். நான் அழவில்லை. ஆனால் அவன் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. குளித்தாலும் அந்த வாசனை என்னை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா கோடாங்கியை அழைத்துவந்தார். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், முற்றத்தில், எல்லாரும் கூடியிருக்க அவர் உடுக்கை அடித்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் தலை சாய்ந்தது. குரல் மெலிந்தது.

“மறக்க விட்டுராதீங்க” என்றது அந்தக் குரல்.

எதை என்று அப்பா கேட்டார். கோடாங்கி அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தொழுவத்தில் மயிலை நீளமாகக் கத்தியது. முற்றத்தில் இருந்த அத்தனை தலைகளும் அங்கிட்டுத் திரும்பின.

அதுதான் பதில் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, மாடு கறவை நிற்பதை நம் பக்கம் பால் மறக்கிறது என்றுதான் சொல்வோம். மாட்டைப் பால் மறக்க விட்டுவிடாதீர்கள் என்று தாய் வந்து கேட்டிருக்கிறாள், தன் பிள்ளைக்காக. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சித்தப்பா உடுக்கைக்கு முன்னால் சூடத்தைக் கையில் ஏற்றிச் சத்தியம் செய்தார். பிள்ளை சோறு தின்னும்வரை மயிலையின் மடி ஒருநாளும் ஓயாது என்று சொன்னார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் போனது. மாட்டின் வயிறு பக்கவாட்டில் இறங்கியது. மூன்று வேளையும் சேர்த்து ஒரு செம்பு தேறுவதே கஷ்டமாயிற்று. வந்த பாலும் வெள்ளையாக இல்லை. பழுப்பேறிக் கனத்து விழுந்தது. காய்ச்சினால் அடியில் நூல் நூலாகத் திரிந்தது. உறை ஊற்றினால் தயிர் ஆகாமல் கொழகொழவென்று நின்றது. ஒருநாள் பிள்ளை சங்கில் ஊற்றிய பாலை வாயில் வாங்கி அப்படியே வெளியே தள்ளியது. அம்மா தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“உப்புக் கரிக்குது” என்றார் மெதுவாக. புறங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “கண்ணீரு” என்றார்.

நான்தான் கறந்தவன். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஊசி போட எங்கள் ஊருக்கு வந்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி. அப்பா அவரைத் தொழுவத்துக்குக் கூட்டிவந்தார். அவர் மாட்டின் வயிற்றில் கையை அழுத்திப் பார்த்தார். ஒரு காம்பைப் பீச்சி நாக்கில் வைத்துத் துப்பினார்.

“ஏழரை மாசம் தாண்டிருச்சு. இன்னமுமா கறக்குறீங்க? பால் உவர்த்துப்போச்சுங்க. மறக்க விடுங்க.”

சித்தப்பா படலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வார்த்தை கேட்டதும் அவர் முகத்தில் இரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன். கோடாங்கி வாயில் வந்த அதே வார்த்தை, தலைகீழாக. கம்பவுண்டர் விடாமல் சொல்லிக்கொண்டு போனார். மடிக்கும் இரண்டு மாதம் ஓய்வு வேண்டும், உள்ளே இருக்கிற கன்றுக்கு வேண்டிய சத்தெல்லாம் இப்போதுதான் சேரும், ஓய்வில்லாமல் ஈன்றால் சீம்பால் தண்ணீராக வரும், அதைக் குடிக்கிற கன்று தங்காது. அப்பா, செத்துப்போன கன்றை நினைத்துக்கொண்டார் போலும், தலையைத் தலையை ஆட்டினார். சித்தப்பா படலைத் திறந்து பிடித்தார்.

“நீங்க போயிட்டு வாங்க, கம்பவுண்டரய்யா” என்றார், மிக மரியாதையாக.

சைக்கிள் தெருத் திரும்பியதும் அப்பாவைப் பார்த்து, “அது மறந்துட்டா அவ எங்கிட்டுண்ணே நிப்பா?” என்று கேட்டார்.

நான் குறுக்கு வழியாக ஓடி, கண்மாய்க் கரையில் சைக்கிளை மறித்தேன். மறக்க விடுவது எப்படி என்று கேட்டேன். புண்ணாக்கையும் தவிட்டையும் நிறுத்து, வெறும் வைக்கோல் போடு, வேளையைக் குறைத்துக் கடைசியில் கையே வைக்காதே என்றார். மடி இறுகும், மாடு கத்தும், பரிதாபப்பட்டுக் கை வைத்தால் மறுபடி ஊறும் என்றார். பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்றேன். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்.

“அந்த உப்புப் பாலைக் குடுக்காதீங்கடா, தம்பி. புள்ள பாலுக்கு அழுவலை, தண்ணிக்கு அழுவுது.”

வீட்டில் போய்ச் சொன்னேன். நாலெழுத்துப் படித்ததும் பெரியவனாகிவிட்டாயா என்று அம்மா கேட்டார். பால் குறைந்துவிட்டது, இல்லவே இல்லை என்று பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மறுநாளே அதற்கு வழியில்லாமல் போனது. உச்சிப் பொழுதில் நான் சேலையோடு உட்கார்ந்தபோது, சித்தப்பா வந்து தொழுவத்து வாசலில் குந்தினார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்தார். அதாவது அந்தச் சேலையை. பேச ஆரம்பித்தார். மேட்டுக்கொல்லையில் கடலை பிடுங்கியாயிற்று, காய் பொக்கு. கிணற்றில் இன்னும் இரண்டு முழம் வெட்ட வேண்டும். பிள்ளைக்கு உன் நெற்றி. சாதாரணமாக, சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது பேசுகிற குரலில் பேசினார். எனக்குத் திரும்பத் தைரியமில்லை. கறந்துகொண்டே இருந்தேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மாடு அசை போடும் சத்தம், செம்பில் பால் விழும் சத்தம், பின்னால் அவர் குரல். வெளியே வெயில் அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும்போல இருக்கும்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“எம்மேல கோவமா?”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான்தான் சித்தப்பா என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். என் தலை, என்னைக் கேட்காமல், இல்லை என்று ஆடியது. பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சு.

அன்று சாயந்தரம் அம்மா பிள்ளையை மடியில் போட்டு, அதன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உச்சிக்குழி உள்ளே விழுந்துகிடக்கிறது, உதடு காய்ந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, இன்னும் எத்தனை நாளோ. தாய் அழைத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாளோ என்றார்.

அந்தத் தாய் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சேலைக்குள் இருந்தது நான். தலையாட்டியது நான். பிள்ளைக்கு உப்பைக் கறந்து கொடுத்துக்கொண்டிருந்ததும் நான்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கண்டாங்கியைப் பைக்கட்டுக்குள் திணித்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். சலவைக்கு எடுக்கும் உவர்மண் கரையோரம் இருந்தது. அதைக் கரைத்துச் சேலையை முக்கி மிதித்தேன். முதலில் தண்ணீர் அரக்காக வந்தது. பிறகு மஞ்சளாக வந்தது. ஒவ்வொரு தடவை பிழிந்தபோதும் எடுத்து மோந்து பார்த்தேன். காய மருந்தின் வாசனை முதலில் போனது. மாட்டு வாசனை அப்புறம் போனது. கடைசியாக ஒன்று மட்டும் போகாமல் இருந்தது, மஞ்சளும் வேர்வையும் கலந்தது, அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கயிற்றைக் கொடுக்கும்போது வருவது. மூன்று தடவை மிதித்தேன். அதுவும் போயிற்று. வெறும் மண்ணும் தண்ணீரும் மணத்தன. அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுபோல் நெடுநேரம் தண்ணீரில் குனிந்தே இருந்தேன்.

முள்ளுச்செடியில் விரித்ததும் வெயிலில் நொடியில் காய்ந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உச்சிக்கு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். சித்தப்பா வந்து வாசலில் குந்தினார்.

மயிலை திரும்பித் தோளை மோந்தது. மறுபடி மோந்தது. தலையை இழுத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தது. யார் நீ என்று கேட்கிற பார்வை. அடுத்த கணம் செம்பு எகிறிச் சுவரில் மோதியது. நான் மல்லாந்து விழுந்தேன்.

சித்தப்பா எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று கையால் தலையை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தார். வைத்தபடியே நின்றார். அப்புறம், பிள்ளைக்குத் துணி அவிழ்ப்பதுபோல், என் மேலிருந்து அந்தச் சேலையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து மடித்தார்.

“போயிட்டா” என்றார்.

வீட்டிலும் தெருவிலும் அதையேதான் சொன்னார். போய்விட்டாள், சொல்லாமல் போய்விட்டாள். ஊர் அதை நம்பியது. நானும் நெடுநாள் அவர் நம்பினார் என்றே எண்ணியிருந்தேன். இப்போது யோசித்தால், உவர்மண்ணில் மிதித்து வெயிலில் காயப்போட்ட சேலையை மூக்கில் வைத்த ஒரு சம்சாரிக்கு அது துவைத்த சேலை என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

வேறு வழி இல்லாமல் போனதால் ஆட்டுப்பால் கூடாது என்ற அம்மாவின் பிடிவாதமும் விட்டுப்போனது. ஊருக்கு வெளியே தரிசில் ஒரு வெளியூர்க்காரர் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். அவருக்கு எங்கள் ஊரின் பயம் கிடையாது. முழங்காலுக்கிடையில் வெள்ளாட்டைப் பிடித்துக் கறந்து, அனுப்புவதற்கு முன் தன் தலைத்துணியால் செம்பை மூடிக் கொடுத்தார். முதல் நாள் பிள்ளை கக்கியது. இரண்டாம் நாள் பாதி தங்கியது. வாரம் முடிவதற்குள், அது அழுதபோது கண்ணில் நீர் வந்தது என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை அழுததற்கு ஒரு வீடு அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தொழுவத்தில் அந்த நாட்கள் வேறு மாதிரி இருந்தன. மயிலையின் மடி கல்லாக இறுகியது. உச்சி ஆனதும் கத்தத் தொடங்கும். யாரும் தொடாமலே காம்பிலிருந்து பால் சொட்டித் தரையில் சிறு குழியாகும். அதில் ஈ உட்காரும். கம்பவுண்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு கையை அக்குளில் இடுக்கியபடி நிற்பேன். மூன்றாம் நாள் சொட்டு நின்றது. ஏழெட்டு நாளில் மடி தளர்ந்து, சுருங்கி, தொடைகளுக்கிடையில் ஒரு பழைய பை மாதிரித் தொங்கியது. ஊர்ப்பேச்சில் சொன்னால் அது மறந்துவிட்டது. கத்தலும் நின்றது. உச்சிப் பொழுதில் மாடு கண்ணை மூடி அசை போட்டபடி படுத்திருந்தது. அந்த அமைதிதான் முன்னைவிட அதிகமாக எங்களைப் பயமுறுத்தியது. அம்மா அந்தப் பக்கம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போகவே தயங்கினார்.

ஏறக்குறைய ஐம்பது நாள் மடி ஓய்ந்து கிடந்தது. அப்புறம் மெல்லப் பளபளத்து மறுபடி பெருத்தது. ஒருநாள் முற்பகலில் ஈன்றது. கிடாரிக் கன்று. விழுந்த சிறிது நேரத்திலேயே நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு எழுந்து, சுவரையும் என் முழங்காலையும் மடி என்று நினைத்து முட்டியது. நான் ஒரு காம்பைத் தொட்டு மெதுவாகப் பீச்சினேன். மாடு உதைக்கவில்லை. மஞ்சளாக, கெட்டியாக ஒரு சொட்டு விரலில் நின்றது. இரண்டு விரலையும் பிரித்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

கன்றை மடிக்குத் தள்ளினேன். அப்பா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நஞ்சு விழட்டும்டா. முன்னாடி விட்டா நஞ்சு நின்னுரும்.”

அப்படி ஒரு வழக்கம் இன்றைக்கும் நம் ஊர்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழும்வரை, அரை நாளானாலும் கன்றைக் கட்டிப்போட்டு வைத்திருப்பார்கள். முந்திய கன்றையும் அப்படித்தான் கட்டியிருந்தோம். பிறந்த உடனே குடித்தால்தான் சீம்பாலின் சத்து கன்றின் உடம்பில் ஒட்டும் என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அது முட்டி முட்டித் தவிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா தொழுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போன நாளுக்கப்புறம் அன்றுதான் அந்த வாசலுக்கு வந்தார்.

“குடிக்கட்டும்ணே” என்றார். “அதுக்கு ஆத்தா இருக்குல்ல.”

அப்பாவின் கை கழுத்திலிருந்து நழுவியது. கன்று போய் முட்டி முட்டிக் காம்பைக் கவ்வியது. அதன் வாயோரம் மஞ்சள் நுரை கட்டியது. வால் துடித்தது. வீட்டுக்குள் பிள்ளை விழித்து அழும் சத்தமும், அம்மா ஆட்டுப்பாலை ஆற்றும் சத்தமும் கேட்டன. வெளியே நிழல்கள் காலடிக்கு வந்துவிட்டிருந்தன.

கன்றின் முதுகை நக்கிக்கொண்டிருந்த மயிலை நக்குவதை நிறுத்தியது. தலையை உயர்த்தியது. காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. அது சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே பார்த்தது. பால் எல்லாக் காம்புகளிலிருந்தும் தானாக ஒழுகத் தொடங்கியது.

ஈன்ற மாட்டுக்குக் கன்று முட்டினால் நான்கு காம்பிலும் பால் இறங்கும். அதை இப்போது படித்துவிட்டேன், படம் போட்டும் விளக்குவேன்.

சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. குடம் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணுக்கு ஒதுங்குவதுபோல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வழி விட்டு நின்றார்.

வழியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நான் வைத்திருந்த வாளி இருந்தது. நான் அதை நகர்த்தி வைத்தேன்.